ஒன்பது மணிப் பனி

பெப்ரவரி நடுவில் லண்டன் வானிலைப் பைத்தியங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்குக் குளிர்காலம் முடிந்தாயிற்று: டஃபடில் மொட்டு விட்டாயிற்று, பின்னேரம் ஐந்து மணிக்கும் வெளிச்சம் நிற்கிறது, இனிக் கம்பளிக் கோட்டை அலுமாரிக்குள் வைக்கலாம். மற்றக் கட்சிக்குக் குளிர்காலம் இனிமேல்தான் தொடங்கப் போகிறது. இன்னும் பத்து நாளில் காற்றுக் கிழக்கே திரும்பும், கொட்டித் தள்ளப் போகிறது பாருங்கள் என்பார்கள். அந்தப் பத்து நாள் ஒன்பதாகக் குறைந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

நான் குளிர்க் கட்சி. மார்கழி வாடைக்கே காதைச் சுற்றித் துவாய் கட்டி வளர்ந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன், பனி கொட்ட வேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைக்காத குறையாகக் காத்திருந்தான் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அதனால் நீண்ட காலம் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டு இஞ்ச சொல்லுறம். அங்க என்னத்தைத் துளைக்குதோ, காதை மூடிக்கொண்டு திரி" என்று ஃபோனில் சொல்லுவா. ஓம் அம்மா என்பேன். காது மடல் விறைக்கும் வரை வெளியில் நின்று தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அந்த ஃபோனை எடுத்திருப்பேன்.

தெருவிளக்குப் பார்ப்பது இந்தக் கூட்டத்தின் ஒரு வழிபாடு. இருட்டில் வானத்தைப் பார்த்தால் என்ன விழுகிறது என்று தெரியாது. விளக்கின் ஒளிக்குள் பார்த்தால் தெரியும். மழை நேர்கோடாக இறங்கும். பனி தயங்கித் தயங்கிச் சாய்ந்து வரும், சில வேளை மேலேயும் ஏறும். இரண்டும் கலந்து விழும்போதுதான் சிக்கல். அதற்குக் கறுப்புக் கோட்டின் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். துளி விழுந்த இடத்தில் ஒரு கணம் வெள்ளை நின்று கரைந்தால் நம்பிக்கை உண்டு. விழுந்தவுடன் தண்ணீர் என்றால் உள்ளே போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். எனக்குத் தெருவிளக்கைவிட வசதி இருந்தது. நான் வேலை செய்தது பெற்றோல் ஸ்டேஷனில். கூரையைச் சுற்றி விடிய விடிய வெள்ளை விளக்கு.

2001இல் வந்தவன் நான். வேலை செய்ய அனுமதி கிடைத்தது. இருக்க அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. சட்டத்தரணிக்கு ஃபோன் எடுத்தால் இன்னும் ஒன்றும் வரவில்லை என்ற ஒரே பதில். கலியாணம் பேசலாமா, படிக்கலாமா, காசை ஊருக்கு அனுப்புவதா இங்கே சேர்ப்பதா, எல்லாம் அந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டு நின்றன. பகலில் நித்திரை. இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டால் காசு வாங்கும் வேலை. பின்னறையில் ஒரு பழைய கணினி. அதில்தான் முதன்முதலாக வானிலை மாதிரிகளின் படங்களைப் பார்த்தேன்.

அமெரிக்கர்களின் ஜிஎஃப்எஸ் மாதிரி நாளுக்கு நாலு தரம் ஓடும். மாலை ஆறு மணி நிலவரத்தை வைத்து ஓடும் கணக்கின் படங்கள் இரவு பத்து மணியளவில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அதற்கு இங்கே பப் ஓட்டம் என்று பட்டப்பெயர். பப்பில் ஆட்கள் உசாராக இருக்கும் நேரம் என்பதால். அது காட்டும் பனியை நம்பினால் குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சுத்தான். நள்ளிரவுக் கணக்கு விடியப்புறம் நாலு மணிக்கு வரும். ரெடிங் நகரில் உள்ள ஐரோப்பிய மையத்தின் கணக்கு அதற்கும் பிறகு. அதற்குத்தான் மரியாதை அதிகம். இரவு வேலைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு உலகத்தில் கிடையாது.

பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை. என் வாழ்க்கையில் அந்தக் காலத்தில் பதில் வரும் என்று சொல்லப்பட்ட நாளில் பதில் வந்தது வானிலை ஒன்றில் மட்டும்தான். வியாழக்கிழமை பனி என்று படம் சொன்னால், வியாழக்கிழமை வந்தே தீரும். பனி வரும் அல்லது வராது. வென்றோமா தோற்றோமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தோற்றாலும் எனக்கு அது பிடித்திருந்தது. வருடக்கணக்காகத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவனுக்கு ஐந்து நாளில் ஒரு தீர்ப்பு என்பது சும்மா விஷயம் இல்லை. வானத்தின் மேல் உள்ள காதலால் நான் இதற்குள் வரவில்லை. காதல் பிறகு வந்தது.

விடிய ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் ஒரு சின்னச் சபை கூடும். இரவு முழுக்க ஓடிய மினிகாப் சாரதி ஒருவர், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் வெயில் கட்சி, பனி விழுந்தால் அவருக்கு நட்டம். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டு வார இறுதியில் என்னோடு வேலை செய்த பெடியன், குளிர்க் கட்சியில் தீவிரவாதி. பேப்பர் வாங்க வரும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எந்தக் கட்சியும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வாதாடுவோம். அவர் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, எத்தனை வீதம் என்று மட்டும் கேட்பார். பனி வருமா வராதா என்பதல்ல, எத்தனை வீதம். பெடியன் தொண்ணூறு என்பான். பெரியவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த நாட்டில் பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகின்றன என்பதை எனக்கு விளக்கியது அவர்தான். பிரித்தானியா நாற்சந்தி மூலையில் கட்டிய வீடு. மேற்கே வெதுவெதுப்பும் ஈரமுமாக அத்திலாந்திக், வடக்கே ஆர்க்டிக், கிழக்கே ரஷ்யா வரை நீளும் உறைந்த நிலம், தெற்கே சகாரா வரை திறந்த வழி. எந்தத் தெருவால் காற்று வருகிறதோ அதுதான் அன்றைய காலநிலை. மற்ற மாதங்களில் இந்த நாலு பேருக்கும் இடையில் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. வசந்தம் தொடங்கும்போதுதான் உச்சம். வடதுருவப் பக்கம் நீண்ட இரவு முடிந்தும் முடியாமலும் குளிர் அப்படியே தேங்கிக் கிடக்கும். சுற்றியுள்ள கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்திருப்பதும் அப்போதுதான். தெற்கில் வெயில் சூடேறத் தொடங்கியிருக்கும். மார்கழியில் நடுப்பகல் சூரியன் லண்டனில் சுமார் 15 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். மார்ச் 20 அளவில் அது 38 பாகைக்கு வந்துவிடும். மேலே உறையும் காற்று, கீழே வெயிலில் சூடாகும் தரை. அதனால்தான் காலையில் நீலவானம், பதினொரு மணிக்கு ஆலங்கட்டி, மத்தியானம் திரும்பவும் வெயில், மூன்று மணிக்குப் பனித்தூவல்.

2008 ஏப்ரல் 6ஆம் திகதி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான சுடர் லண்டன் தெருக்களால் ஓடியது. அன்று காலை பனி கொட்டியது. ஏப்ரலில்! வேலை முடிந்து வந்தவன் படுக்காமல் வெளியில் நின்றேன். பின்னேரம் பார்த்தால் புல்லில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

பெரியவர் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு தெரு தள்ளி, வரிசை வீடு, பின்னால் நீளமான தோட்டம். நடுவில் கால் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று, நாலு பக்கமும் சாய்சட்டம் போட்டது. ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனின் தகப்பனார், கலங்கரை விளக்கம் கட்டும் பொறியியலாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. கதவு வடக்கே பார்த்திருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே படாமல் இருக்க. உள்ளே இரண்டு வெப்பமானிகள் படுத்துக்கிடக்கும், இரண்டு நிற்கும். நிற்பவற்றில் ஒன்றின் குமிழுக்கு ஈரத்துணி கட்டி, அதன் நுனி ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போகும். படுத்திருக்கும் இரண்டில் ஒன்று பகலின் உச்சத்தைப் பிடித்து வைக்கும், மற்றது இரவின் அடியை. இரவின் அடியைக் காட்டும் குழாய்க்குள் அற்ககோலில் ஒரு சின்னக் கறுப்பு ஊசி மிதக்கும். குளிரக் குளிர அற்ககோல் அதைப் பின்னால் இழுத்துப் போகும். திரும்பச் சூடானால் ஊசியை அங்கேயே விட்டுவிட்டு வரும். குமிழுக்குத் தூரமான ஊசி முனையில் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து எழுதிய பிறகு, குமிழ்ப் பக்கத்தை உயர்த்திச் சரித்தால் ஊசி வழுக்கிப் போய்த் தன் இடத்தில் நிற்கும். நான் இதை முதன்முதல் செய்யும்போது மூச்சுக்காற்றுப் படாமல் தள்ளி நில் என்றார். எனக்கு நல்லூரில் கற்பூரத் தட்டைப் பிடித்து நிற்பது போலிருந்தது என்று எழுத வருகிறது. உண்மையில் கை விறைத்து, எப்போது உள்ளே போகலாம் என்றிருந்தது.

கிளைமட்டோலொஜிக்கல் ஒப்சேவர்ஸ் லிங்க் என்று 1970இல் இருந்து ஒரு தொண்டர் அமைப்பு இங்கே இருக்கிறது. அவர் அதில் உறுப்பினர். நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு வாசித்து, மாதமுடிவில் அனுப்புவார். எங்கள் பக்கம் ஒன்றும் லேசுப்பட்ட இடமில்லை என்று பெருமையாகச் சொன்னார். முகில்களுக்கு இன்று உலகம் சொல்லும் பெயர்களை 1802 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் முன்வைத்த லூக் ஹவார்ட் அப்போது வாழ்ந்தது பிளாஸ்டோவில்தான். மருந்து செய்து விற்ற மனிதன், தொழில்முறை விஞ்ஞானி இல்லை. நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் லண்டனில் அளந்து காட்டியவர் அவர். நான் பெற்றோல் அடித்துக்கொடுத்த அதே வட்டாரம். டொட்டன்ஹாமில் அவர் கடைசியாக இருந்த வீட்டில் நீல வட்டப் பலகை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது மேல்தட்டில் இருந்து பார்க்கலாம்.

ஒரு மார்ச் மாதம், ஆண்டு வேண்டாம், பத்து மணி தாண்டிப் பனி தொடங்கியது. பெரிய பெரிய இதழ்களாக, கோழி இறகு போல. பன்னிரண்டு மணிக்குத் தோட்டம் முழுக்க வெள்ளை. வெயில் வந்தது, மூன்றரைக்கெல்லாம் கறுப்பு மண். மறுநாள் பெரியவரின் பதிவேட்டைப் பார்த்தேன். பனி கிடந்த நாள் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே என் கையால் அள்ளினேனே! அவர் விளக்கினார். காலை ஒன்பது மணிக்குத் தரையில் பாதிக்கு மேல் மூடியிருந்தால்தான் பனி கிடந்த நாள். இரண்டு ஒன்பது மணிகளுக்கு நடுவில் வந்து போனதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. பிறகு விரலை வலப்பக்கம் நகர்த்தினார். கடைசியில் அகலமான ஒரு பத்தி, குறிப்புகள் என்று தலைப்பு. அதில் சின்ன எழுத்தில்: 10.20 தொடக்கம் பனி, நண்பகலில் தரை முழுதும், 3.30இல் இல்லை.

அந்த ஏட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்டேன். சில நாட்கள் முழு வெறுமை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள். முதல்நாளும் அடுத்தநாளும் தெரியும்தானே, நடுவில் உள்ளதைக் கணக்குப் பார்த்து நிரப்பலாமே என்றேன். நான் பார்க்கவில்லையே என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் என் சட்டத்தரணி புதிதாக ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும் என்று கூப்பிட்டார். திகதி, திகதி என்று கேட்டார். எங்கள் ஊரில் யார் கலண்டரைப் பார்த்துக்கொண்டு ஓடினது? ஒரு திகதியைச் சொன்னால் அலுவல் லேசாக முடியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மற்ற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர், காதோடு. நான் திகதி தெரியாது என்றேன். மாரி மழை பிடித்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டது, வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் முழங்கால் வரை வெள்ளம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம், இதெல்லாம் தெரியும். திகதி தெரியாது. அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெறுமையாக விடுங்கோ, மழையைப் பற்றிப் பக்கத்தில் எழுதுங்கோ என்றேன். எழுதினார்.

வருடங்கள் கழித்துக் கடிதம் வந்தது, இருக்கலாம் என்று. அந்த மழைதான் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். எதனால் தந்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அந்த வாக்குமூலத்தைப் பற்றிப் பிறகு யார் எப்படிக் கேட்டாலும், குறுக்கே கேட்டாலும், எனக்கு ஒன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டி இருக்கவில்லை.

இவ்வளவு பக்குவம் வந்த மனிதன் குளிர்க் கட்சியை விட்டிருப்பான் என்று நினைத்தால், இல்லை. 2018 பெப்ரவரி நடுவில், தரையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் உயரத்தில், துருவத்துக்கு மேலே காற்றுத் திடீரென்று சூடானது. சில நாளில் 50 பாகை வரை ஏறக்கூடிய இந்தச் சூட்டை 1952இல் பேர்லினில் ஷெர்ஹாக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். மேலே சூடானால் கீழே மேற்குக் காற்றுத் தளர்ந்து, கிழக்குக் காற்றுக்கு வழி விடும். எல்லாத் தரமும் விடாது. அந்தத் தரம் விட்டது. பப் ஓட்டம் சொன்னதையே விடிய ஐரோப்பிய மையமும் சொன்னது. பத்து நாள் ஒன்பதானது, எட்டானது. பெடியன் அப்போது வேறெங்கோ பெரிய வேலையில் இருந்தான். இரவு இரண்டு மணிக்கு ஃபோன் எடுத்தான். "அண்ணை, உண்மையாவே வருது அண்ணை." சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

வந்தது. கிழக்கின் மிருகம் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. வடகடலைத் தாண்டி வந்த சைபீரியக் காற்று தேம்ஸ் முகத்துவாரத்தால் ஒரு பட்டையாக உள்ளே புகுந்து கிழக்கு லண்டன்மேல் கொட்டியது. பெப்ரவரி 28இல் ஸ்கொட்லாந்துக்கும் மறுநாள் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பனிக்குச் சிவப்பு எச்சரிக்கை. நான் அப்போது ஸ்டேஷன் மனேஜர். டாங்கர் வரவில்லை. பாணும் பாலும் மத்தியானத்துக்குள் முடிந்தன. உப்பு மூட்டைக்குச் சண்டை. வேலைக்கு வர வேண்டிய பெண் ஈஸ்ட்ஹாமில் இருந்து நடந்து வந்து, கால்விரல் உணர்ச்சி இல்லை என்று ஹீட்டருக்கு முன்னால் குந்தி அழுதாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். இன்னும் கொட்ட வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. இதை அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வருகிற சந்தோஷத்தில் ஒரு துளியும் குறையவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அந்த ஆண்டு ஏப்ரல் 19இல் லண்டன் சென் ஜேம்ஸ் பார்க்கில் 29.1 பாகை. அடுத்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் துருவத்துக்கு மேலே திரும்பவும் அதே சூடு. குளிர்க் கட்சி துள்ளியது. பழைய கதை திரும்பப் போகிறது என்று நான்கூட ஸ்டேஷனுக்கு உப்பு மூட்டை அதிகமாக எடுத்து வைத்தேன். 2019 பெப்ரவரி 26இல் கியூ தோட்டத்தில் 21.2 பாகை, பிரித்தானியாவில் குளிர்கால மாதம் ஒன்றில் அதற்கு முன் அவ்வளவு பதிவானதே இல்லை. மினிகாப் சாரதி கைநீளமில்லாத பெனியனோடு வந்து உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டார். பெரியவரிடம் போனேன். எத்தனை வீதம் என்று வைத்திருந்தாய் என்று கேட்டார். எழுபது என்றேன். அப்படியானால் முப்பது வந்திருக்கிறது என்றார். அவர் அதிகமாக யோசித்தது பெப்ரவரியில் 21 என்ற இலக்கத்தைப் பற்றித்தான். பேனையைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு தன் பெட்டியில் கண்டதை எழுதினார்.

இப்போது அவர் மகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். பெட்டி என் தோட்டத்தில். வாடிக்கையாளர்கள் இன்னும் கேட்கிறார்கள், நாளைக்கு ஸ்னோவோ அண்ணை என்று. நாற்பது வீதம் என்பேன். "உந்த வீதக் கதையை விடுங்கோ, சப்பாத்து எதைப் போடுறது எண்டு சொல்லுங்கோ" என்பார்கள். பூட்ஸ் போடுங்கோ, சப்பாத்தைப் பையில் வையுங்கோ என்பேன். 2021இல் பெப்ரவரி 11ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பிரேமாரில் மறை 23, மார்ச் 30இல் கியூவில் 24.5, அதற்குப் பிறகு ஏப்ரல் முழுக்க உறைபனி என்று கண்ட நாட்டில் வேறெதைச் சொல்வது?

மார்ச் கடைசி ஞாயிறு எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அவதானிகள் தள்ளுவதில்லை, ஆண்டு முழுக்கக் கிரீன்விச் ஒன்பது மணிதான். அதனால் அந்த நாளில் இருந்து என் வாசிப்பு நேரம் ஊர் மணிக்குப் பத்து. ஞாயிறு காலை மரக்கறி வாங்கப் போவதற்கு இது இடைஞ்சல். "ஊரெல்லாம் ஒரு நேரம், உங்களுக்கு மட்டும் கிரீன்விச் நேரமோ?" என்று மனைவி காரில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடிப்பா. நான் பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.